வல்லாரைச் சம்பல் போடுவதற்கு முன்

யாழ்ப்பாணத்துக்குப் புதிதாக வருகிறவருக்கு முதலில் கிடைக்கும் புத்திமதி தண்ணீரைப் பற்றியதாகத்தான் இருக்கும். கம்பஸுக்கு வந்து இங்குள்ள திருநெல்வேலியில் நான் அறை எடுத்த அன்று வீட்டுக்கார அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “தம்பி, கிணத்துத் தண்ணியை அப்பிடியே குடிச்சுப்போடாதையும். கொதிச்சாறின தண்ணி பானைக்குள்ளை கிடக்கு.” நான் சொல்வழி கேட்கிற பிள்ளை. ஒரு மிடறுகூடப் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

அன்று மத்தியானம் அவர் போட்டுத் தந்த வல்லாரைச் சம்பலை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அது அதே கிணற்றுத் தண்ணீரில் அலசிய வல்லாரை, அடுப்பைக் கண்டதில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு இலையை விட்டுவிட்டோம் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்த வருடமே நெருப்புக்காய்ச்சலில் (டைபாய்ட்) விழுந்தேன். முதல் நாள் கடையில் தின்ற ரோல்ஸ்தான் காரணம் என்று அடித்துச் சொன்னேன். வைத்தியர் சிரித்தார். “நேற்றுச் சாப்பிட்டதை விடும், ரெண்டு கிழமைக்கு முதல் என்ன சாப்பிட்டனீர்?” என்று கேட்டார். யாருக்கு ஞாபகம் இருக்கும்?

இதை நான் எழுதுவது அறை எடுத்துத் தங்கும் மாணவருக்கும், இடமாற்றத்தில் வந்தவருக்கும், வெளிநாட்டிலிருந்து திரும்பி ஊர் வீட்டைத் திறந்திருப்பவருக்கும். கீரையை விட்டுவிடச் சொல்லப் போவதில்லை. இந்த ஊரில் இருந்துகொண்டு கீரை தின்னாமல் இருப்பது ஒரு நட்டம்.

எது எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலையில் ஏறும் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் குடலிலிருந்து வருபவை. மாட்டுச் சாணம், கோழி எரு, மலக்குழிக் கசிவு, கழுவாத கை, இவைதான் வழி. ஈ.கோலை, சல்மொனெல்லா, வயிற்றுளைவு தரும் சிகெல்லா, செங்கமாரி தரும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ், அமீபா, வட்டப்புழுவின் முட்டை என்று பட்டியல் நீளும். நெருப்புக்காய்ச்சல் தருவதும் சல்மொனெல்லாவில் ஒரு வகைதான். ஆனால் அது ஆடு மாட்டிலிருந்து வருவதில்லை, மனிதக் கழிவிலிருந்து மட்டுமே வரும். பூச்சிமருந்து வேறு கதை. அதை இங்கே கலக்கவில்லை.

முதல் வேலை: அடுப்பில் ஏறுமா, ஏறாதா?

சந்தையில் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருக்கும்போது எல்லாம் ஒரே பச்சைதான். வீட்டுக்கு வந்ததும் அவற்றை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். முளைக்கீரை, பசளி, அகத்தி, முருங்கை இலை, கங்குன், முசுட்டை எல்லாம் கடையலாகவோ வறையாகவோ சொதியாகவோ அடுப்பில் ஏறுபவை. ஈ.கோலையும் சல்மொனெல்லாவும் 70 பாகை செல்சியசில் ஓரிரு நிமிடத்தில் செத்துவிடும். ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் கொஞ்சம் முரடு, அதற்கு 85 பாகையில் ஒரு நிமிடம் வேண்டும். கொதிக்கும் சட்டி 100 பாகை. ஆகவே நன்றாக வேகும் கீரையை மண்ணும் புழுவும் போகக் கழுவினால் போதும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். முருங்கை இலை வறை செய்யும்போது தாச்சி நிறைய இலையைக் குவித்து இரண்டு கிளறு கிளறி இறக்குகிறவர்கள் உண்டு. அடியில் கிடப்பது கருகும், மேலே கிடப்பது வெதுவெதுப்போடு நிற்கும். மூடி போட்டு, எல்லா இலையும் சுருண்டு ஆவி பறக்கும் வரை விடுங்கள்.

அடுப்பில் ஏறாத வகைதான் நம் பிரச்சினை. வல்லாரைச் சம்பல் அதில் தலைமகன். பொன்னாங்காணிச் சம்பல், சலாது இலை, புதினாச் சட்னி, கடைசியில் தூவும் மல்லி இலை எல்லாம் பின்னால் வரும். இனிச் சொல்லும் பாதுகாப்பெல்லாம் பெரும்பாலும் இந்த வகைக்குத்தான். இரண்டு வகைக்கும் ஒரே மாதிரி மெனக்கெட்டால் ஒரு வாரத்தில் அலுத்துப்போய் இரண்டையும் விட்டுவிடுவீர்கள்.

சந்தையில்

திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம், எந்தச் சந்தையாக இருந்தாலும் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏற ஏறக் கீரை வாடும். வாடாமலிருக்கப் பக்கத்து வாளியில் கையை விட்டுத் தண்ணீரை அள்ளித் தெளிப்பார்கள். காசு வாங்கிய அதே கை, காலையிலிருந்து அதே வாளி. பளபளவென்று சொட்டச் சொட்ட நிற்கும் கட்டைவிடக் கொஞ்சம் காய்ந்து நிற்கும் கட்டு மேல் என்பது என் கணக்கு. சம்பலுக்கு வாங்குவதென்றால் கிழிந்த, நசுங்கிய இலை வேண்டாம். காயம்பட்ட இடத்தில்தான் கிருமி ஒட்டிப் பெருகும்.

“எந்த ஊர்க் கீரை, ஆச்சி?” என்று கேட்பதில் தவறில்லை. “கோண்டாவில் தோட்டத்திலை விடியப் பிடுங்கினது, பிள்ளை” என்று பதில் வந்தால் சரி. “உதிலை, வாய்க்கால் கரையிலை” என்றால் அது சம்பலுக்கு உதவாது. வல்லாரை ஈரத்தைத் தேடிப் படரும், கணுவுக்குக் கணு வேர்விட்டு மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். அதனால் அது நின்ற மண்ணும் தண்ணீரும் எதுவோ அதுதான் இலையிலும் இருக்கும். முருங்கை இலைக்கு அந்தக் கவலை இல்லை, அது மேலே நிற்கிறது. காகம்தான் அதற்குப் பகை.

மெல்லிசாக அரிந்து பையில் கட்டி விற்கும் இலையும் இப்போது கிடைக்கிறது. அவசரத்துக்கு நல்லது, ஆனால் அடுப்புக்கு மட்டும். 2006இல் அமெரிக்காவில் பையில் அடைத்து விற்ற பசளி போன்ற ஸ்பினாச் கீரையால் ஏறத்தாழ 200 பேர் ஈ.கோலை நோயில் விழுந்தார்கள், மூவர் இறந்தார்கள். அது தொழிற்சாலையில் கழுவி வந்த கீரை. இலையின் வெட்டு வாயிலும் நுண்துளையிலும் கிருமி புகுந்துவிட்டால் கழுவும் தண்ணீர் அங்கே எட்டாது. அரிந்த பிறகு கழுவுவதால் பயன் குறைவு என்பதற்கும் அதுவே காரணம்.

மீனையும் கீரையையும் ஒரே பையில் போடாதீர்கள். இது சொல்லாமலே தெரியும், ஆனாலும் சைக்கிளில் ஒரு கைப்பிடிதானே மிச்சம் என்று போட்டுவிடுவோம்.

கிணறு

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு, அது மழைக்குத்தான் ஆறு. குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் நிலத்தடி நீர். கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. மணலுக்குள் தண்ணீர் மெல்ல வடிந்து வரும்போது கிருமி வழியில் தங்கிவிடும். சுண்ணாம்புக்கல்லில் ஒரு வெடிப்பு கிடைத்தால் தண்ணீர் குழாயில் ஓடுவதுபோல ஓடிவிடும், வடிகட்ட ஒன்றுமில்லை. நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்று சின்ன வயதில் கதை சொல்வார்கள். தேசிக்காய் போகிறதோ இல்லையோ, கல்லுக்குள்ளே தண்ணீர் பயணம் போவது மெய்.

அதனால் குடிவந்ததும் ஒரு தரம் காணியைச் சுற்றி நடந்து பாருங்கள். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி? குறைந்தது 50 அடி என்று சொல்வது வழக்கம். சுண்ணாம்புக்கல்லில் அதுகூட உத்தரவாதம் ஆகாது. உங்கள் குழி மட்டுமல்ல, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பக்கத்து வீட்டுக் குழியையும் கணக்கெடுங்கள். பட்டணப் பக்கம் காணிகள் நெருக்கம், இரண்டு வீட்டுக் குழிக்கும் நடுவில் உங்கள் கிணறு நிற்கலாம். கிணற்றுக் கட்டு உயரமா, சுற்றியுள்ள சீமெந்துத் தரை வெடித்திருக்கிறதா, மேலே வலை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கிணற்றடியில் ஊற்றும் தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது.

மழைக்காலத்தில் எல்லாம் ஒருபடி மோசமாகும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை கொட்டும்போது நிலத்தடி நீர் ஏறி மலக்குழியின் அடியைத் தொட்டுவிடும். வெள்ளம் கிணற்றுக்குள் வந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (எல்லாருக்கும் அவர் பீ.எச்.ஐ.தான்) சொல்லுங்கள். கிணற்றை இறைத்துக் குளோரின் இடுவதற்கு வழி சொல்வார். சாதாரண நாளிலும் தண்ணீரைப் பரிசோதிக்க எங்கே கொடுப்பது என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரை நம்பாதீர்கள். கலங்கல் கண்ணுக்குத் தெரியும், ஈ.கோலை தெரியாது.

இதையெல்லாம் கீரைக் கட்டுரையில் ஏன் சொல்கிறேன் என்றால், கழுவுவது என்ற வேலையே தண்ணீரை நம்பியது. குசினியில் தராசு இருந்தால் ஒரு கட்டு வல்லாரையைக் கழுவுவதற்கு முன்னும் கழுவி உதறிய பின்னும் நிறுத்துப் பாருங்கள். உதறியும் ஒன்றிரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் ஒட்டியிருக்கும். அந்தத் தண்ணீரை நீங்கள் குடிக்கிறீர்கள். பலர் இப்போது வடிகட்டிய தண்ணீரைக் கேனில் வாங்கிக் குடிக்கிறார்கள், ஆனால் சம்பல் இலையைத் தாங்கியிலிருந்து வரும் பைப் தண்ணீரில்தான் கழுவுகிறார்கள். அந்தத் தாங்கி கடைசியாக எப்போது கழுவப்பட்டது?

கழுவுகிற முறை

நான் செய்வது மூன்று தண்ணீர். முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறேன். பிறகு கட்டைப் பிரித்து, வேரையும் அழுகல் இலையையும் கிள்ளி எறிந்து, இலைகளைத் தனித்தனியாக்குகிறேன். கத்தி இன்னும் தொடக் கூடாது. மழைக்காலம் என்றால் இந்த வேளையில் ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பாருங்கள். நத்தையும் அதன் சளியும் இருக்கும் கட்டைச் சம்பலுக்கு எடுக்காதீர்கள். நத்தைகள் சுமந்து திரியும் ஒரு புழு மூளைவரை போய்த் தொல்லை தரும்.

முதல் தண்ணீர் ஒரு பெரிய பேசினில். கிணற்றுத் தண்ணீரே போதும், மண்ணைக் கழற்றத்தானே. இலையை முக்கி அலசி, சற்று நேரம் விட்டால் மண் கீழே இறங்கும். இப்போது பேசினைக் கவிழ்க்காமல் இலையை மேலிருந்து அள்ளி எடுக்க வேண்டும். கவிழ்த்தால் அடியில் இறங்கிய மண்ணெல்லாம் திரும்ப இலைமேல் வந்துவிடும். இரண்டாவது, ஓடுகிற பைப்பின் கீழ் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து அலசுவது. நல்லாகக் கழுவினால் கிருமி பத்தில் ஒன்றாக, சில வேளை நூற்றில் ஒன்றாகக் குறையும். இல்லாமல் போகாது. மூன்றாவது தண்ணீர் கொதித்தாறின தண்ணீர். அதில் நன்றாக அலசி எடுத்து, வடிதட்டில் விட்டு வடிய வையுங்கள். முதல் இரண்டு தண்ணீரில் ஒட்டியதை இந்தக் கடைசித் தண்ணீர் கழுவிக்கொண்டு போக வேண்டும், அதனால் இதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. குசினியில் தொங்கும் துணியால் துடைக்க வேண்டாம். அந்தத் துணி எல்லாவற்றையும் துடைத்த துணி.

உப்பு போட்டால்? உப்புத் தண்ணீரில் போட்டால் புழு பூச்சி கழன்று மிதக்கும், அதற்கு நல்லது. கிருமியை அது கொல்லாது. வினாகிரி கொஞ்சம் உதவும், முழுக்க நம்ப முடியாது. கொண்டிஸ் (பொட்டாசியம் பெர்மாங்கனேற்) கரைத்த ஊதாத் தண்ணீரைப் பழைய ஆட்கள் பெரிதாக நம்புவார்கள். மண்ணும் இலைச்சாறும் பட்டதும் அதன் பலம் போய்விடும், நிறமே மாறிவிடும். சவர்க்காரமும் பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டவே வேண்டாம், இலை அதை உறிஞ்சும். தேசிக்காய்ப்புளி விட்டால் எல்லாம் செத்துவிடும் என்பதும் ஒரு ஆறுதல்தான். சில ஈ.கோலை வகைகள் நம் வயிற்றுப் புளிப்பையே தாண்டிப் போகின்றன.

மீனோ கோழியோ வெட்டிய பலகையும் கத்தியும் சம்பல் இலைக்கு வரக் கூடாது. முடிந்தால் இலைக்கென்று ஒரு சின்னப் பலகை வாங்கி வையுங்கள். சம்பலில் சேரும் வெங்காயமும் பச்சைமிளகாயும் அடுப்பில் ஏறாதவைதான், அவற்றுக்கும் அதே மூன்று தண்ணீர். தேங்காய்ப்பூ அப்போதே திருவியதாக இருக்கட்டும், திருவலையின் பல்லையும் ஒரு தரம் பாருங்கள்.

சரி, இவ்வளவு செய்தும் கிருமி இல்லாமல் போகாது என்றால் என்ன செய்வது? கர்ப்பிணிகள், கைக்குழந்தை தாண்டிய சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், சிறுநீரக நோய்க்கோ புற்றுநோய்க்கோ மருந்து எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் பச்சை வல்லாரையைத் தவிர்த்துவிடுங்கள். சோதனைக் காலத்தில் ஞாபகசக்திக்கென்று பிள்ளைக்கு வல்லாரை ஊட்டும் அம்மாமாருக்கும் இதுதான் சொல்வேன். சம்பல் வேண்டாம், சொதி வைத்துக் கொடுங்கள்.

சம்பல்தான் வேண்டும் என்பவருக்கு ஒரு நடுவழி உண்டு. பெரிய சட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கழுவிய வல்லாரையைப் போட்டு, திரும்பக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டு, அள்ளிக் கொதித்தாறின குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். பச்சை நிறம் அப்படியே நிற்கும். பிழிந்து அரிந்து, வழக்கம்போல் தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், புளி. முறுகல் கொஞ்சம் குறையும், பச்சை வாடையும் குறையும். என் வீட்டில் முதல் நாள் முகத்தைச் சுளித்தார்கள். இப்போது யாரும் குறை சொல்வதில்லை.

இலைக்கஞ்சிக்கும் இதே கதை. அரிசி வெந்து கஞ்சியானதும் அரைத்துப் பிழிந்த இலைச்சாற்றை விட்டு, நிறம் மாறிவிடும் என்று உடனே இறக்குவார்கள். சாறு விட்ட பிறகு ஒரு முழுக் கொதி வரட்டும். நிறம் மங்கினால் மங்கட்டும்.

போட்ட சம்பல் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

32 பாகைக்கு மேல் வெப்பம் இருந்தால் ஒரு மணித்தியாலம், அதற்குக் கீழே என்றால் இரண்டு. யாழ்ப்பாணத்து மத்தியானத்துக்கு ஒரு மணித்தியாலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சூடும் ஈரமும் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். பத்து மணிக்குக் கட்டிய சாப்பாட்டுப் பார்சலை இரண்டு மணிக்குப் பிரித்தால் இடையில் நான்கு மணித்தியாலம், அதாவது பன்னிரண்டு இரட்டிப்பு. ஒரு கிருமி 4096 ஆகும். அதுவும் சுடுசோற்றின் ஓரத்தில் வெதுவெதுப்பாகக் கிடந்த சம்பல். வேலைக்குப் பார்சல் கொண்டு போகிறவர்கள் வறையோ கடையலோ கட்டிக்கொள்ளுங்கள், சம்பலை இரவுச் சாப்பாட்டுக்குப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். பிரிட்ஜில் கழுவாத கீரையைப் பையில் சுற்றி மேல் தட்டில் வையுங்கள், இறைச்சியும் மீனும் கீழே. முதலே கழுவி ஈரத்தோடு வைத்தால் சீக்கிரம் அழுகும்.

வெளியே சாப்பிடும்போது கடைக்காரரின் தண்ணீரை நம்மால் பார்க்க முடியாது. சூடாக வருவதைச் சாப்பிட்டு, தட்டோரத்துச் சலாது இலையை ஓரத்திலேயே விட்டுவிடுவது என் வழக்கம். விருந்துகளில் இன்னொரு இலையும் இருக்கிறது, யாரும் நினைப்பதில்லை: சோறு போடும் வாழையிலை. தண்ணீர் தெளித்துக் கையால் ஒரு தடவு, அவ்வளவுதான். பந்தியில் பொறுப்பு எடுப்பவராக இருந்தால் இலை கழுவக் கொதித்தாறின தண்ணீர் ஒரு வாளி தனியாக வைக்கச் சொல்லுங்கள்.

வளவில் வளர்ப்பவருக்கு

சொந்த வல்லாரை என்றால் பாதுகாப்பு என்று நினைப்போம். ஆனால் அதை நடுகிற இடம் எது? கிணற்றடி. குளித்த தண்ணீரும், உடுப்புத் தோய்த்த தண்ணீரும், பிள்ளையின் மலத்துணி அலசிய தண்ணீரும் ஓடுகிற இடம். அங்கே வாழை நிற்கட்டும். வல்லாரையை வேறு பாத்தியில், கோழி கிளறாதபடி அடைத்து நடுங்கள். பச்சைச் சாணமும் கோழி எருவும் போட்டால் உடனே பிடுங்கிச் சாப்பிட முடியாது. மண்ணில் படும் பயிருக்கு மக்காத எரு இட்டதிலிருந்து அறுவடைவரை 120 நாள் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. நன்றாக மக்கிய எருவை மட்டும் பாவித்தால் அந்தக் கணக்குப் பார்க்கும் தொல்லை குறைவு. தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் அடியில் விடுங்கள்.

பயறு, வெந்தயம் முளைகட்டிப் பச்சையாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முளைகட்டும் சூடும் ஈரமும் கிருமிக்கும் பிடித்தமானவை. 2011இல் ஜெர்மனியில் ஏறத்தாழ 4000 பேரைப் படுக்கையில் போட்டு 50 பேருக்கு மேல் கொன்ற ஈ.கோலை வெந்தய முளையில் வந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயின் மேல் பழி போட்டு, அந்த விவசாயிகள் பெரும் நட்டப்பட்டார்கள். ரோல்ஸ் மேல் பழி போட்ட நான் சின்ன ஆள்.

வயிறு கெட்டுவிட்டால்

வயிற்றோட்டம் தொடங்கினால் ஒரு பக்கெற் ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) ஒரு லீற்றர் கொதித்தாறின தண்ணீரில் கரைத்து அடிக்கடி குடியுங்கள். 24 மணித்தியாலம் தாண்டினால் மிச்சத்தை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். பாமசியில் போக்கை நிறுத்தும் மாத்திரை கேட்டு வாங்கிப் போடாதீர்கள், சில ஈ.கோலை நோயில் அது நிலைமையை மோசமாக்கும். அன்ரிபயோட்டிக்கும் வைத்தியர் சொல்லாமல் வேண்டாம். மலத்தில் இரத்தம், விடாத காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தி, சிறுநீர் குறைவு, கண் மஞ்சள், இதில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள். கடும் ஈ.கோலை மூன்று நான்கு நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். நெருப்புக்காய்ச்சல் ஒன்றிரண்டு வாரம், சில வேளை அதற்கும் மேல். செங்கமாரிக்குச் சராசரி நான்கு வாரம். எனவே நேற்றைய சாப்பாட்டை மட்டும் சொல்லாமல், போன மாதம் எந்த வீட்டில், எந்தக் கிணற்றடியில் இருந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.